போடிமெட்டின் 17 வளைவுகள்

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நின்றால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். மார்கழி, தை மாதங்களில் சீக்கிரம் இருட்டிவிடும். அப்போது அந்தச் சுவரில் வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிவரும். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போன ஜீப்புகள், பூப்பாறையிலிருந்து வரும் லாரிகள், கடைசி பஸ். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது விளக்கு சட்டென்று மறையும், கொஞ்ச நேரத்தில் கீழே இன்னொரு இடத்தில் முளைக்கும். சின்ன வயதில் நானும் அக்காவும் இதை எண்ணிப் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

ஒரு தைப் பொங்கல் விடுமுறையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். "எத்தனை வண்டி இறங்குது, சொல்லு பார்ப்போம்" என்றேன். கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வண்டி எங்க மாமா? கோலமாவு சிந்துன மாதிரில்ல இருக்கு" என்றாள்.

கீழே இறங்கிவந்து சொன்னதும் என் அம்மா, அதாவது அவளுடைய அம்மாச்சி, ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நாள் முச்சூடும் அந்தச் செல்லையே நோண்டிக்கிட்டு இருந்தா கண்ணு அவிஞ்சு போகாம என்ன செய்யும்?"

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பு ஒலிக்காத வீடு இப்போது குறைவு. முன்பு டி.வி.யைச் சொன்னார்கள், பிறகு கம்ப்யூட்டரைச் சொன்னார்கள், இன்று செல்போனைச் சொல்கிறார்கள். இந்த அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தபோது அம்மா சொன்னது தவறு என்று காட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க என் எண்ணம் மாறியது. அம்மா குற்றவாளியைக் கிட்டத்தட்டச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். குற்றம் எது என்பதில்தான் பிசகிவிட்டார். அந்தப் பிசகு சின்ன விஷயம் இல்லை. நோய்க்காரணம் தவறினால் மருந்தும் தவறிப்போகும்.

தவறிய மருந்தை மறுநாளே பார்த்தோம். ஒரு கண்ணாடிக் கடையில், பிள்ளையின் கண்ணைச் சோதிப்பதற்கு முன்பே, "செல் பார்க்குற புள்ளையா? ப்ளூ கட் போட்டுருங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். திரையிலிருந்து வரும் நீல ஒளி விழித்திரையை அரித்துவிடும் என்றார்கள். நீல ஒளிக்கு அப்படிப்பட்ட ஆற்றல் இருந்தால் நாம் முதலில் பயப்பட வேண்டியது வானத்துக்குத்தான். பகலில் வீட்டு வாசலில் நிற்பவரின் கண்ணில் விழும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரை தருவது மிகச் சிறிய பங்கு. 2023-ல் காக்ரேன் அமைப்பு இந்தக் கண்ணாடிகள் குறித்த 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. சாதாரணக் கண்ணாடியைவிட இவை கண் அசதியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. ஒளியால் கண் கெடுவதைப் பார்க்க வேண்டுமானால் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். முகமூடி இல்லாமல் பற்றவைத்துவிட்டு, ராத்திரி கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்ததுபோலத் துடிக்கும் பையன்களின் கண்ணில் நடந்திருப்பது உண்மையான ஒளிக்காயம். கிரகணத்தன்று வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பவருக்கு விழித்திரையே சுட்டுப்போகலாம். செல்போன் அந்த வரிசையில் வராது.

அப்படியானால் அக்கா மகளின் கண்ணுக்கு என்னதான் ஆயிற்று? சோதித்தபோது இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. கிட்டப்பார்வை. இந்த எண் எதைச் சொல்கிறது என்று பெரும்பாலான பெற்றோருக்கு யாரும் விளக்குவதில்லை. ஒன்றை ஒன்றரையால் வகுத்தால் 0.67 வரும். அவள் கண்ணுக்கு 67 சென்டிமீட்டர் வரைதான் உலகம் தெளிவு. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம், கரும்பலகையானாலும் போடிமெட்டானாலும், கரைந்துபோன கோலம்தான்.

பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவருக்கு 24. இந்த வளர்ச்சி ஒரு தச்சு வேலையைப்போல நுட்பமானது. முன்னால் இருக்கும் கருவிழியும் லென்ஸும் ஒளியைக் குவிக்கும் இடத்தில், மிகச் சரியாக, பின்னால் இருக்கும் விழித்திரை வந்து நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால் ஏறக்குறைய இரண்டரை பவர் ஏறிவிடும். எங்கள் பிள்ளையின் விழி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீண்ட விழி திரும்பச் சுருங்குவதில்லை. கண்ணாடி பார்வையைச் சரிசெய்யும், நீளத்தைக் குறைக்காது. பவர் ஆறைத் தாண்டிப் போகிறவர்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிந்து, பிற்காலத்தில் கிழிசலும் பிரிதலும் வர வாய்ப்பு அதிகம். எனவே பிள்ளைப் பருவத்தில் இந்த வளர்ச்சியை எது முடுக்கிவிடுகிறது என்ற கேள்வி முக்கியமானது.

திரைகள் வருவதற்கு வெகுமுன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் ஜேம்ஸ் வேர் என்ற கண் மருத்துவர் 1813-ல் ஒரு கணக்கை எழுதிவைத்தார். சுமார் 10,000 பேர் கொண்ட காலாட்படையில் கிட்டப்பார்வை என்பதே ஏறக்குறைய இல்லை. ஆக்ஸ்போர்டின் ஒரு கல்லூரியிலோ 127 பேரில் 32 பேர் கண்ணாடி வைத்திருந்தார்கள். பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து 1867-ல் முடிவை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை அபூர்வம், மேல்வகுப்புகளுக்குப் போகப் போக அது ஏறிக்கொண்டே போனது. அன்று மின்விளக்குகூட வீடுகளுக்கு வரவில்லை. தைவானில் 1983 முதல் நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே செல்போன் திரைகள் வருவதற்கு முன்பே பள்ளிப் பிள்ளைகளின் கண்ணாடிகள் பெருகிவிட்டன. திரையைத் தனியாகக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதற்கு இவையே சாட்சி.

கிட்ட வைத்துப் பார்க்கும் எந்த வேலையும் காரணமாகலாம் என்று நூறாண்டுக்கும் மேலாக நம்பினார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் 2008-ல் வந்த ஓர் ஒப்பீடு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சீன வம்சாவளிப் பிள்ளைகள், ஆறேழு வயது, ஒரு குழு சிங்கப்பூரில், ஒரு குழு சிட்னியில். சிங்கப்பூரில் 29 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் வெறும் 3 சதவீதம். பெற்றோரின் கண்ணாடிக் கணக்கு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் கூடுதலாகவே படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றே ஒன்று: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்.

வெயில். தேனி மாவட்டத்துக்காரனுக்கு இதைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ செய்தது. நம்மிடம் அளவில்லாமல் கிடக்கும் ஒரு பொருள், பிள்ளையின் விழியை அளவாக வளரச் சொல்லும் கட்டளையாம். விழித்திரையில் நல்ல வெளிச்சம் விழும்போது அங்கே டோபமின் என்ற பொருள் அதிகமாகச் சுரக்கிறது. அது விழியின் நீள வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பிரகாசமான வெளிச்சத்தில் வளர்ந்தவற்றுக்குக் கிட்டப்பார்வை மெதுவாக வந்தது. டோபமின் வேலை செய்யவிடாமல் மருந்து கொடுத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

வகுப்பறைக்குள் வெளிச்சம் பெரும்பாலும் 300, 400 லக்ஸ். சித்திரை வெயிலில் ஒரு லட்சம். நமக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் அவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை, ஏனென்றால் கண் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கொளுத்தும் வெயிலில் பிள்ளைகளை நிறுத்த வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. ஒரு வேப்பமரத்தடி நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். அதுவே வகுப்பறையைப்போலப் பத்து மடங்கு.

சீனத்தின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் இதைச் சோதனையாகவே நடத்தி 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். தைவான் 2010-ல் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே என்று பள்ளிகளுக்குச் சொன்னது. பல பத்தாண்டுகளாக ஏறிய கோடு அதற்குப் பிறகு முதல்முறையாகக் கீழே வளைந்தது.

இப்போது செல்போனுக்கு வருவோம். 2025-ல் 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாளுக்கு ஒரு மணி நேரம் திரை கூடினால் கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு விகிதம் சுமார் 21 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. கொரோனாக் காலம் இதை ஊர் அறியக் காட்டியது. சீனத்தின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளிடையே அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதிகபட்சம் 5.7 சதவீதமாக இருந்த கிட்டப்பார்வை 2020-ல் 21.5 ஆனது. நம் பிள்ளைகளும் அந்த மாதங்களில் கல்வி டி.வி., வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் என்று அறைக்குள் அடைந்து கிடந்தவர்கள்தான். செல்போனைப் புத்தகத்தைவிடவும் கிட்ட வைத்துப் பார்க்கிறோம், ஒரு சாண் தூரத்தில். கையில் எடுத்தால் வைக்க மனம் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பிள்ளையை வாசலுக்குப் போகவிடுவதில்லை. முன்பெல்லாம் பள்ளிவிட்டதும் பையை எறிந்துவிட்டுக் கொட்டகுடி ஆற்றுக்கு ஓடிய நேரம் எங்கே போயிற்று என்று தேடினால் அது அந்தத் திரைக்குள் கிடக்கிறது. அம்மா சொன்ன குற்றவாளி சரி. ஆனால் அது கண்ணுக்குள் எதையோ பாய்ச்சிக் கெடுக்கவில்லை. கண்ணுக்கு வரவேண்டிய வெயிலையும் தூரத்தையும் தடுத்து நிறுத்திவிட்டது.

பெரியவர்களின் சங்கதி வேறு. இருபது வயதைக் கடந்தவர்களுக்கு விழி வளர்வது பெரும்பாலும் நின்றுவிடும். கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் "கண்ணு எரியுது, மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது" என்று சொல்வதற்குக் காரணம் இமை. 1993-ல் இரண்டு ஜப்பானிய மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 தடவை இமைக்கிறவர் புத்தகம் படிக்கையில் 10, திரையைப் பார்க்கையில் 7. இமைக்கும்போதெல்லாம் கருவிழியின்மேல் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகத் தடவப்படுகிறது. ஏழே தடவை தடவினால் படலம் நடுவில் காய்ந்து விரிசல்விடும். மேலே மின்விசிறி, பக்கத்தில் ஏ.சி., அதோடு ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் நம் ஆடிக்காற்று என்றால் கேட்கவே வேண்டாம். திரை கண் மட்டத்துக்கு மேலே இருந்தால் விழி அகலத் திறந்து இன்னும் வேகமாகக் காயும். கொஞ்சம் தாழ்வாக வைத்தால் மேல் இமையே பாதி கண்ணைப் போர்த்திக்கொள்ளும்.

இன்னொன்று, கண் பூத்துப்போவது. கிட்டப் பார்க்கும்போது விழிக்குள் லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரி தசை இறுகி லென்ஸைத் தடிக்க வைக்கிறது. தூரப் பார்க்கும்போது தளர்கிறது. ஆறு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், எதிர்வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் மேகமலையாக இருந்தாலும். மணிக்கணக்கில் இறுகிய தசை வலிக்கிறது, வேலையை விட்டு எழுந்ததும் கொஞ்ச நேரம் தூரம் மங்குகிறது, பிறகு சரியாகிறது. பார்வை நிரந்தரமாகக் கெடுவதில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தத் தசைக்குத் தரும் சிறு ஓய்வுதான். இரண்டு பக்கமும் மலை நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஜன்னலைத் திறந்தாலே போதும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் திரையைக் குற்றம் சொல்லும்போது பெரும்பாலும் பேசுவது வெள்ளெழுத்து. போடியில் ஏலக்காய் ஏலம் முன்பு வாய்மொழியில் நடந்தது, இப்போது வாசனைப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். தட்டில் வரும் காயை விரலால் உருட்டிப் பார்க்கும் வியாபாரி அடுத்த கணம் திரையில் விலையைப் பார்க்க வேண்டும். எண் மங்குகிறது என்றால் கம்ப்யூட்டர் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அவருடைய லென்ஸ் வயதால் விறைத்துவிட்டது. கம்ப்யூட்டரே தொடாத அவருடைய அண்ணனுக்கும் அதே வயதில் அதேதான் நடந்திருக்கும்.

இங்கே எனக்கு வியாபாரியைவிடக் காய் பொறுக்கும் பெண்களைப் பற்றித்தான் கவலை. குவித்த காயிலிருந்து வெடித்ததையும் நிறம் மாறியதையும் பிரித்தெடுப்பது முழுக்கக் கண் வேலை. சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப்போடும் நெசவாளியின் வேலையும் அப்படித்தான். இவர்களில் எத்தனையோ பேர் வெள்ளெழுத்து வந்ததும் "வயசாச்சு, இனி முடியாது" என்று கூலியைக் குறைத்துக்கொள்கிறார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 பேரிடம் நடத்திய சோதனை 2018-ல் வெளிவந்தது. சாதாரணக் கிட்டக்கண்ணாடி தரப்பட்டவர்களின் பறிப்பு, தரப்படாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. ஒரு மலிவான கண்ணாடி கூலியில் ஐந்தில் ஒரு பங்குக்கு நிகர். திரையா, வெளிச்சமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடி இல்லாமல் போகும் பார்வைதான் நம் ஊரின் பெரிய இழப்பு.

இதே மாவட்டத்தில் கம்ப்யூட்டர் திரை கண்ணைக் காத்த கதையும் நடந்திருக்கிறது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1985-ல் தேனியிலும் மருத்துவமனை வைத்தார். ஆனால் மலையடிவாரத்திலிருந்து ஒரு மூதாட்டி தேனிக்கு வர ஒருநாள் கூலி போக வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வர வேண்டும். பார்வை மங்கினாலும் "இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். 2004-ஐ ஒட்டிச் சிறு ஊர்களில் பார்வை மையங்கள் வந்தன. போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி. கிராமத்துப் பெண்களே பிளஸ் டூ முடித்துப் பயிற்சி பெற்று அங்கே ஸ்லிட் லாம்ப் வைத்துக் கண்ணைச் சோதிப்பார்கள். மருத்துவர் தேனியில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார், நோயாளியோடு பேசுவார்.

சிக்கல், இணைப்பு. அன்று இந்த ஊர்களில் படம் போய்வரும் வேகத்தில் இணையம் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவினர் வீட்டு வைஃபை கருவியையே கோபுரத்தில் ஏற்றி ஊருக்கு ஊர் குறிவைத்தார்கள். வைஃபை ஒவ்வொரு துண்டுச் செய்தியை அனுப்பியதும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு வீட்டுக்குள் பதில் உடனே வரும். பல கிலோமீட்டர் தாண்டி வரும் பதில் தாமதமானதும் தொலைந்துவிட்டது என்று எண்ணித் திரும்பத் திரும்ப அனுப்பும். அந்தக் காத்திருக்கும் விதிகளை அவர்கள் மாற்றி எழுதினார்கள். 2007-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது தேனியின் இணைப்புகள் உலகம் அறிந்த உதாரணமாயின. 2016-ல் சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த கூகுள் ஆய்வாளர்களுக்கு அரவிந்தின் விழித்திரைப் படங்களும் பாடமாகப் பயன்பட்டன.

அக்கா மகளுக்குக் கண்ணாடி வந்தது. ப்ளூ கட் இல்லாதது. மாடிக்குப் போனதும் எண்ணினாள், ஒன்பது வண்டி. "ஒண்ணு மட்டும் நகரவே மாட்டேங்குது மாமா, பஞ்சர் போல" என்றாள்.

ஆனால் கண்ணாடி விழியின் வளர்ச்சியை நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் வளரும் கண். பள்ளிக் கால அட்டவணையைக் கேட்டேன். வாரத்துக்கு இரண்டு பி.இ.டி. பீரியட், அதில் ஒன்று கணக்குக்குப் போய்விடுகிறது. குவாங்சோவில் நாளுக்கு 40 நிமிடம், இங்கே வாரத்துக்கு 40 நிமிடம். கணக்கு டீச்சரைப் போய்ப் பார்த்தேன், சண்டை போடும் எண்ணத்தோடுதான். இந்த அத்தியாயத்தில் உள்ளதையெல்லாம் பாதி மூச்சில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விளையாடினாத்தான் ஆகுமா சார், இல்ல வெளியில இருந்தாலே போதுமா?" என்றார். வெளிச்சம்தான் கணக்கு, நிழலே போதும் என்றேன். "அப்ப பீரியட் எனக்குத்தான்" என்று சிரித்தார்.

மறு வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது வகுப்பு முழுவதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பின்னங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. பலகையை மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் மெட்டு தெரிந்தது.